வழிக்கு எத்தனை மூட்டை?

ஆனி பிறந்துவிட்டால் நம் பக்கத்துக் கடைவீதிகளுக்குத் தனிக் களை வந்துவிடுகிறது. வேலூர் லாங் பஜாரிலும், குடியாத்தத்திலும், ஆம்பூரிலும் சக்கரம் வைத்த பெட்டிகளைக் கடைவாசலில் கோபுரம்போல் அடுக்கி வைக்கிறார்கள். பன்னிரண்டாம் வகுப்புத் தேறிய பிள்ளை முன்னே நடக்க, பெற்றோர் பின்னே வர, அவர்களுக்கும் பின்னே இடுப்பில் சுருக்குப் பையுடன் ஒரு பாட்டி மெல்ல நடந்து வருவதை அங்கே காணலாம். அன்பர்களே, இந்த வாரம் நான் பேச விரும்புவது அந்தச் சுருக்குப் பையைப் பற்றித்தான்.

அதில் இருக்கும் பணம் எளிதில் வந்ததன்று. வேலூர், பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டிய ஊர்களில் முதியோர் சேமிப்பு என்பது பெரும்பாலும் ஏதோ ஒரு வகையில் தோலோடு தொடர்புடையது. டேனரியில் ஊறல் தொட்டிக்கும் டிரம்முக்கும் நடுவே நின்று முதுகு வளைந்தவர் ஒருவர். ஷூ கம்பெனியில் ஆண்டுக்கணக்கில் மேற்பாகம் தைத்துக் கண் மங்கியவர் ஒருவர். ஓய்வு பெறும்போது கைக்கு வந்த வருங்கால வைப்புநிதி, தீபாவளி போனஸில் கிள்ளி எடுத்துக் கட்டிய சீட்டு, இவைதாம் அந்தப் பை. பேரன் கல்லூரிக்குப் போகிறான் என்றதும் அது அவிழ்கிறது. அவிழட்டும், அதைவிட நல்ல செலவு வேறென்ன? எந்த மாதத்தில், எதற்காக அவிழ்கிறது என்பதில்தான் எனக்குச் சில சொற்கள் உண்டு.

பேர்ணாம்பட்டில் எனக்குத் தெரிந்த ஓர் அம்மையார் ஷூ கம்பெனியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தவர். மகன் வயிற்றுப் பேரனுக்குச் சென்னையில் பொறியியல் இடம் கிடைத்தது. அவர்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதிக்கும் முதல் பிள்ளை அவன். அம்மையார் மனம் பொங்கிப் போனார். பெரிதும் சிறிதுமாக இரண்டு பெட்டிகள், பஞ்சு மெத்தை, மின்சாரக் கெண்டி, இஸ்திரிப் பெட்டி, மேசை விளக்கு, பன்னிரண்டு சட்டைகள், புதுக் கைப்பேசி, மடிக்கணினி என்று வைப்புநிதியில் பாதிக்கு மேல் ஒரே வாரத்தில் கரைந்தது. வாடகைக்கு ஒரு வண்டி பிடித்துத்தான் பிள்ளையைக் கொண்டுபோய் விட்டார்கள். தெருவே நின்று பார்த்தது.

பத்து நாள் கழித்துப் பிள்ளை தொலைபேசியில் சொன்னான்: "ஆயா, அங்கே கட்டிலே ரெண்டரை அடிதான். மெத்தை விரிக்க முடியலே, சுருட்டிப் பரண்மேலே போட்டுட்டேன். கெட்டிலையும் அயர்ன் பாக்ஸையும் வார்டன் வாங்கி வெச்சுக்கிட்டாரு." அதைக் கேட்டு அம்மையார் சிரித்தார். தை மாதத்தில் அந்தச் சிரிப்பு இல்லை. இரண்டாம் பருவக் கட்டணமும், மாதந்தோறும் ஏறியிருந்த உணவு விடுதிப் பாக்கியும் சேர்ந்து வந்தபோது வீட்டில் பணம் இல்லை. கம்பெனியில் ஆர்டர் குறைந்து, மகனுக்கு ஓவர்டைம் நின்று போயிருந்தது. கையிலிருந்த இரண்டு வளையல்கள் அடகுக் கடைக்குச் சென்றன. பணம் புரளும்வரை பிள்ளை பத்து நாள் வகுப்புக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்தான். சட்டைகளில் ஐந்து அட்டைகூடப் பிரிக்கப்படாமல் பெட்டியில் கிடந்தன.

அந்தப் பிள்ளை பிறகு நன்றாகவே படித்தான். அதனால் இதைத் துணிந்து எழுதுகிறேன். ஆனால் அந்தப் பத்து நாள் என் நெஞ்சில் தைத்திருக்கிறது. படிப்பு நிற்கும் இடம் பெரும்பாலும் சேர்க்கை நாள் அன்று. சேர்க்கை நாளில் ஊரும் உறவும் எப்படியாவது பணம் புரட்டித் தந்துவிடுகின்றன. மார்கழியிலும் தையிலும், எவரும் மாலை போட்டு வழியனுப்பாத ஒரு நாளில்தான் அது நிற்கிறது.

நம் பகுதியின் வருமானம் நிலையானதன்று என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1990களின் நடுவில் நீதிமன்ற ஆணைகளால் சுத்திகரிப்பு வசதியில்லாத டேனரிகள் மூடப்பட்டதைக் கண்டவர்கள் நீங்கள். 2008இல் அயல்நாட்டுச் சந்தை சரிந்ததும், 2020இல் பெருந்தொற்றுக்காகக் கதவுகள் அடைபட்டதும், 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள்மேல் 50 சதவீத வரி விதித்ததும் உங்கள் வீட்டு அடுப்படிவரை வந்த செய்திகள். நான்காண்டுப் படிப்பு ஒன்றின் நடுவே இப்படி ஒரு காற்று அடிக்காது என்று யார் உறுதி கூறுவார்?

ஆகவே என் முதல் வேண்டுகோள்: இடம் நிலைபெறுமுன் எதையும் வாங்காதீர்கள். பொறியியல் கலந்தாய்வு 2018 முதல் இணையவழியில், சுற்றுச் சுற்றாக நடைபெறுகிறது. ஓர் இடம் கிடைத்த பின்னும், அதை ஏற்றுக்கொண்டே மேலான விருப்பத்துக்குக் காத்திருக்க வழி உண்டு. மருத்துவக் கலந்தாய்வு பல ஆண்டுகளில் அதற்கும் பிந்தி நடக்கிறது. இன்று கோவை என்று குறித்த பிள்ளை அடுத்த மாதம் அடுக்கம்பாறை மருத்துவக் கல்லூரியில் இருக்கலாம். கோவைக்கென வாங்கிய வரைபடக் கருவி அங்கே எதற்கு? சீருடை, ஆய்வக மேலங்கி, கணக்கிடும் கருவி ஆகியவற்றை ஒவ்வொரு கல்லூரியும் தன் விதிப்படி சொல்லும். மேலங்கியின் நிறமும் கையின் நீளமும்கூட வேறுபடும். மருத்துவம் பயிலச் செல்லும் பிள்ளைக்கு முதல் நாளே விலையுயர்ந்த ஸ்டெதாஸ்கோப் வாங்கித் தர ஆசைப்படாத தாத்தா இல்லை. முதலாண்டில் அந்தப் பிள்ளை பெரிதும் நாடப்போவது உடற்கூற்றியல் புத்தகத்தையும் எலும்புகளையும். அவை இரண்டும் மேல்வகுப்பு மாணவரிடமிருந்து பாதி விலைக்குக் கைமாறுவது வழக்கம். பொறியியல் வரைபடக் கருவியும் அப்படியே. ஓராண்டு பயன்படுத்திய பின் அதை என்ன செய்வதென்று தெரியாமல் வைத்திருக்கும் அண்ணன்மார் ஒவ்வொரு விடுதியிலும் உண்டு.

அடுத்தது, அறையைக் காணாமல் அறைக்கு வாங்குவது. கட்டிலின் அகலம், அலமாரி உண்டா, எத்தனை பேர் தங்குவர், மின்செருகி எத்தனை, எதுவும் நமக்குத் தெரியாது. சூடேற்றும் மின்கருவிகளைப் பெரும்பாலான விடுதிகள் அனுமதிப்பதில்லை. தீ விபத்துக்கு அஞ்சி இயற்றிய விதி அது, குறை கூற முடியாது. மூவரோ நால்வரோ இருக்கும் அறைக்கு நான்கு வாளியும், நான்கு விளக்குமாறும், நான்கு மின்விசிறியும் வந்து சேர்கின்றன. ஒரு பாய், ஒரு தலையணை, இரண்டு போர்வை, ஒரு வாளி, ஒரு குவளை, நல்ல பூட்டு ஒன்று. முதல் பதினைந்து நாளுக்கு இவை போதும். வேலூர் வெயிலில் வளர்ந்த பிள்ளைக்குச் சென்னைக்குக் கம்பளிப் போர்வை எதற்கென்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஊட்டிக்கோ வடநாட்டுக்கோ போகிறவர்கள் வேறு கணக்கு.

நாம் அஞ்சுவது தொலைவை. "அங்கே எதுவும் கிடைக்காவிட்டால்?" என்கிறோம். ஆம்பூரிலிருந்து சென்னை இருப்புப்பாதை வழியே ஏறத்தாழ 180 கிலோமீட்டர். ஜோலார்பேட்டையில் அதிகாலையில் புறப்படும் ஏலகிரி விரைவு வண்டியில் ஏறினால் முற்பகலுக்குள் சென்னை சென்ட்ரல். நம் தந்தையர் காலத்தில் மலேயாவுக்குப் போனவர்கள் கொண்டுபோனதைவிட அதிகமான மூட்டைகளை, இரண்டு வாரத்துக்கொரு முறை வீட்டுக்கு வந்து போகக்கூடிய பிள்ளையின் தலையில் ஏற்றுகிறோம்.

மடிக்கணினி பற்றிக் கேட்டுப் பலர் எழுதுகிறீர்கள். கலை அறிவியல் படிப்புகள் பலவற்றில் முதல் பருவம் அது இல்லாமலே நடந்துவிடும். கல்லூரி ஆய்வகத்தில் கணினி இருக்கிறது. கணினி சார்ந்த படிப்பென்றாலும், எவ்வளவு ஆற்றல் உள்ள கருவி தேவை என்று துறை ஆசிரியர் சொன்ன பிறகு வாங்குவதே முறை. கடைக்காரர் சொல்வது வேறு, துறை சொல்வது வேறு. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். தமிழக அரசின் 2025–26 வரவு செலவுத் திட்டத்தில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினியோ மடிக்கணினியோ வழங்கப்படும் என அறிவிக்கப்பட்டது. உங்கள் பிள்ளையின் கல்லூரியில் அதன் நிலை என்ன என்று அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்கலாம். கல்விக் கடன் பெறுவோர் இன்னும் நிதானிக்க வேண்டும். படிப்புக்குத் தேவையான கணினி, புத்தகம், கருவிகள், சீருடை ஆகியவற்றின் செலவையும் வங்கிகள் கல்விக் கடனில் சேர்க்கின்றன, ரூ.4 லட்சம் வரையிலான கடனுக்குப் பொதுவாக நம் கைப்பணம் கேட்பதில்லை. பாட்டியின் சேமிப்பிலிருந்து முன்கூட்டியே ரொக்கமாக வாங்கிவிட்டால் பின்னால் அதைக் கடனில் காட்டுவது அரிது.

இருசக்கர வண்டி! இதைப் பற்றிச் சற்றுக் கடுமையாகவே எழுதுகிறேன், பொறுத்தருள்க. கல்லூரியில் சேரும் பிள்ளைகளில் பலருக்கு வயது பதினேழு. கியர் வண்டி ஓட்ட உரிமம் பெறப் பதினெட்டு நிறைய வேண்டும். 16 வயதில் கிடைப்பது 50 சிசிக்கு மேற்படாத கியரில்லா வண்டிக்கான உரிமம் மட்டுமே. கடையில் நாம் பார்க்கும் ஸ்கூட்டர்கள் அதில் அடங்கா. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, வயது நிரம்பாதவர் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பாதுகாவலரும் வண்டியின் உரிமையாளருமே பொறுப்பு. மூன்றாண்டுவரை சிறை, ரூ.25,000 அபராதம், ஓராண்டுக்கு வண்டிப் பதிவு ரத்து. அதோடு அந்தப் பிள்ளைக்கு 25 வயதுவரை உரிமம் கிடையாது. ஆசையோடு தன் பெயரில் பதிவு செய்து கொடுக்கும் தாத்தாவே சட்டத்தின் கண்ணில் உரிமையாளர். எழுபது வயதில் நீதிமன்றப் படி ஏறுவது ஒருபுறம் இருக்கட்டும். வேலூர்–ஆம்பூர் பெருஞ்சாலையில் ஓடும் லாரிகளை நாமெல்லாம் பார்க்கிறோம் அல்லவா? நாள்தோறும் வீட்டிலிருந்தே கல்லூரி போய்வரும் பிள்ளைகளுக்குப் பேருந்து அட்டையும், இரயிலில் மாணவர் சலுகைப் பருவச் சீட்டும் இருக்கின்றன. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 மே முதல் கட்டணமே இல்லை.

உடை பற்றி அதிகம் சொல்லமாட்டேன். முதல் மாதத்திலேயே பிள்ளைகளின் உடை விருப்பம் மாறிவிடும். நாம் தேர்ந்தெடுத்த நிறம் அவர்களுக்குப் பிடிப்பதில்லை. குடியாத்தம் கைத்தறி லுங்கி இரண்டு, துண்டு இரண்டு போதும். பேத்திகளுக்குப் புதுச் சங்கிலியும் தோடும் போட்டு விடுதிக்கு அனுப்பும் வழக்கத்தை மட்டும் கைவிட வேண்டுகிறேன். நகையைக் காப்பதே அந்தக் குழந்தைக்கு ஒரு பாடமாகிவிடுகிறது. காணாமற் போனால் அறைத் தோழிகள் அனைவர் மீதும் ஐயம் படரும்.

செருப்பு, ஷூ விஷயத்தில் நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பதற்கு ஒப்பு. ஆனாலும் ஒரு வேடிக்கை உண்டு: ஐரோப்பியக் கால்களுக்கு ஷூ தைக்கும் நம் மக்கள், பேரனுக்கு மட்டும் பெருநகரக் கடையில் நான்கு மடங்கு விலையில் வாங்குகிறார்கள். பொறியியல் பணிமனைக்கு மூடிய ஷூ கட்டாயம் வேண்டும். இது தேவையான செலவு. ஆம்பூர்ப் பெருஞ்சாலையோரக் கடைகளில் ஏற்றுமதியில் எஞ்சியவை நல்ல தரத்தில் கிடைக்கின்றன. தையலைப் பார்த்து வாங்க உங்களைவிட வல்லவர் யார்?

ஒரு டேனரித் தாத்தாவை இங்கே நினைக்கிறேன். அவருடைய பேத்தி சென்னையில் தோல் தொழில்நுட்பம் பயிலச் சென்றாள். அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியும், 1948இல் அடையாறில் தோன்றிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்து நடத்தும் படிப்பு அது. தாத்தா ஏதேதோ கருவிகள் வாங்கித் தரத் துடித்தார். அவையெல்லாம் ஆய்வகத்திலேயே இருக்கின்றன என்று தெரிந்ததும் வாங்குவதை விட்டார். புறப்படுவதற்கு முந்தைய ஞாயிறுகளில் பேத்தியை உட்காரவைத்து, தோலைக் கையால் தடவி உண்ணித் தழும்பு எது, கத்தி பட்ட வெட்டு எது, உப்புக் குறைந்து கெட்டது எது என்று சொல்லிக் கொடுத்தார். அவள் அதை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள்.

செலவழிக்கத் தயங்க வேண்டாத ஒன்றும் உண்டு: ஆவணங்கள். சாதி, வருமானம், இருப்பிடம், முதல் தலைமுறைப் பட்டதாரி ஆகிய சான்றிதழ்கள், அவற்றின் நகல்கள், இரண்டு டஜன் புகைப்படங்கள், பிள்ளையின் பெயரில் ஆதாருடன் இணைந்த வங்கிக் கணக்கு. கடைவீதியில் மூன்று நாள் அலையும் குடும்பம் இ-சேவை மையத்தில் ஒரு முற்பகல் நிற்கச் சலித்துக்கொள்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் பயின்ற பெண் குழந்தைகளுக்கு மாதம் ரூ.1,000 வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், ஆண்பிள்ளைகளுக்கான தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டிலும் தொடங்கின. அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2021இல் பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளுக்கு விரிவடைந்தபோது, அதில் சேர்வோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என அறிவிக்கப்பட்டது. தகுதி இருந்தும் ஒரு சான்றிதழ் குறைவால் இவற்றை இழந்தவர்கள் உண்டு. இப்போதுள்ள விதியைக் கல்லூரி அலுவலகத்தில் கேட்டு, தேதி தவறாமல் விண்ணப்பிக்கச் செய்யுங்கள்.

வேலூருக்கு மேற்கே பாலாற்றங்கரையில் விரிஞ்சிபுரத்தில் எழுந்தருளியிருக்கும் மார்க்கபந்தீசுவரர், வழித்துணைநாதர் என்றே பெயர் பெற்றவர். கள்வர் பயத்தோடு சென்ற மிளகு வணிகர் ஒருவருக்குத் துணையாக வந்தவர் என்பது தலவரலாறு. ஆரணியை அடுத்த அடையபலத்தில் பிறந்த அப்பய்ய தீட்சிதர் அருளிய மார்க்கபந்து ஸ்தோத்திரத்தைப் பயணத்தின்போது ஓதுவது நம் வழக்கம். பிள்ளையை அனுப்புமுன் இச்சந்நிதிக்கு ஒருமுறை அழைத்துச் செல்லலாம். பேருந்துச் செலவு மட்டுமே. அழகிய மதிலை அண்ணாந்து பார்த்துவிட்டுத் தெற்குப் பிராகாரத்தில் அரைவட்ட வடிவில் அமைந்த நேரம் காட்டும் கல்லையும் காட்டுங்கள். நடுப்பள்ளத்தில் ஒரு குச்சியை வைத்தால் நிழல் விழும் எண் நேரத்தைச் சொல்லும். நாடித்துடிப்பும் நடந்த அடிகளும் காட்டும் கைக்கடிகாரம் கேட்டு அடம்பிடிக்கும் பேரன் அங்கே சற்று நின்று பார்ப்பான். கடிகார ஆசையை விடுவானா என்பது வேறு.

நான் சொல்லும் ஏற்பாடு எளிது. ஆனியில் செலவழிக்க எண்ணிய தொகையில் கால் பங்கை மட்டும் எடுங்கள். மீதியை அஞ்சலகத்திலோ வங்கியிலோ உங்கள் பெயரிலேயே, தை மாதத்தில் எடுக்கத்தக்கதாகப் போட்டுவையுங்கள். வீட்டில் எவரிடமும் அதைச் சொல்ல வேண்டாம்; சொன்னால் ஆவணியில் யாராவது கேட்பார்கள். பதினைந்து நாள் கழிந்ததும், வேண்டியவற்றைப் பிள்ளையே தன் கைப்பட எழுதி அனுப்பட்டும்.

எங்கள் தெருவில் ஒரு பாட்டி சென்ற ஆண்டு அவ்வாறே செய்தார். பேரனுக்கு ஒரு பெட்டி, அதுவும் அவன் சித்தப்பா பயன்படுத்திய பழைய பெட்டி. பதினாறாம் நாள் பட்டியல் வந்தது: கொடிக்கயிறு ஒன்று, துணி மாட்டும் கிளிப்பு ஒரு டஜன், நகவெட்டி, இன்னொரு லுங்கி, பருப்புப் பொடி. பொடியை மட்டும் நான்கு மடங்காக அரைத்து அனுப்பச் சொல்லியிருந்தான், அறையில் நால்வராம்.